கோச்சி வராத ஊரின் பெயர்ப்பலகை

நான் குத்திய குண்டூசியைப் பிடுங்கி, திரும்ப என் உள்ளங்கையிலேயே வைத்தார் அந்த மனிதர். சொந்தமாக ஒரு ஸ்டேஷன் செய்யும் எண்ணம் அந்த நிமிடத்தில்தான் வந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நான் வேலை செய்யும் நகரத்துக்கு வெளியே, விமானங்களை நிறுத்தி வைக்கலாம் போன்ற ஒரு மண்டபம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை அங்கே மாதிரிப் புகையிரதக் கண்காட்சி நடக்கும். சென்ற வருடம் முதன்முதலாகப் போனேன். வாசலில் ஒரு பெரிய உலகப்படம். 'உங்கள் சொந்த ஊர் ஸ்டேஷனில் ஒரு ஊசி குத்துங்கள்' என்று எழுதி, பக்கத்தில் சிவப்புத் தலைக் குண்டூசிகள் ஒரு பெட்டி நிறைய. வந்தவர்கள் எல்லாரும் குழந்தைகள் போல் குத்திக்கொண்டிருந்தார்கள். நானும் இலங்கையின் வலப்பக்க ஓரத்தைத் தேடிக் குத்தினேன். காவலுக்கு நின்ற மனிதர் பெயர் கேட்டார். "கல்முனை" என்றேன். தடித்த ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு ஸ்டேஷன் இல்லையே, டியர்" என்றார். ஸ்டேஷன் இல்லை, ஊர் இருக்கிறது என்றேன். இது ஸ்டேஷன்களுக்கான படம் என்றார். ஊசியைக் கழற்றிக் கையில் தந்தார். அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் செய்தார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே எங்கள் கரை முழுவதும், பொத்துவில் வரைக்கும், கோச்சி, அதாவது புகையிரதம், என்றால் தேர்தல் மேடையில் மட்டும் ஓடுகிற ஒரு வாகனம். ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறது. வாக்கு எண்ணி முடிந்ததும் திரும்பிப் போய்விடுகிறது. இந்த நாட்டிலோ, அடுத்த ஸ்டேஷனுக்குப் போவதற்குக்கூட கோச்சியில் ஏறாத மனிதர்கள் மழையில் பாலத்தின் மேல் நின்று, கீழே போகிற எஞ்சினின் இலக்கத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் கதவைத் திறந்து பார்க்காதவர்களுக்கு இரும்பின் மீது இவ்வளவு பாசம் எங்கிருந்து வருகிறதோ. என்னைப் பற்றிச் சொல்வதென்றால், போக்குவரத்துத் திட்டமிடல் படிக்க வந்தேன். இப்போது ஒரு பஸ் கம்பனியில் நேர அட்டவணை போடுகிறேன். எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அதனால்தான் அந்தக் குண்டூசியை எறியாமல் பேர்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். படத்தில் இடம் தர மாட்டார்களென்றால், அடுத்த வருடம் ஸ்டேஷனைக் கையில் தூக்கிக்கொண்டு இதே வாசலால் வருவேன் என்று சொல்லிக்கொண்டேன். தமிழில், சத்தமாக.

எனக்குப் பைத்தியம் பிடித்தது மட்டக்களப்பு ஸ்டேஷனில். வாப்பா கொழும்புக்குப் போகிற ஒரு சிநேகிதரை வழியனுப்பக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கோச்சி போன பிறகு மற்றவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். நான் எதிர்ப்பக்கம் நடந்து, தண்டவாளம் முடிகிற இடத்தைப் பார்த்தேன். குறுக்கே ஒரு மரக்கட்டை. அங்கால் புல்லு, ஒரு ஆடு. "ஏன் வாப்பா இதோட நிப்பாட்டின?" என்று கேட்டேன். "எங்களுக்குத் தெரியாம எங்கடவங்க அங்கால போயிடுவாங்க எண்டுதான்" என்றார். எதையும் இப்படி வாயால் தட்டிவிடுவது அவர் பழக்கம். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கல்முனை பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டோம். பஸ் இன்னும் தெற்கே போகும். கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே நிற்கும். ஆனாலும் வாப்பா ஒருநாளும் அங்கே இறங்கியதில்லை. கல்முனையில் இறங்கி, கடைத்தெருவில் இரண்டு பேருக்கு ஸலாம் சொல்லி, வெயிலில் நடந்துதான் வீட்டுக்கு வருவார். வாப்பாவுக்கு நடை பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்தவுடனேயே அவள் பெயரில் ஒரு வளவும், அதில் ஒரு அத்திவாரமும் மனதுக்குள் எழும்பிவிடும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர்களில் ஆண்கள் எல்லாரும் குடியேறிகள். என் வாப்பா கல்முனைக்குடியில் பிறந்தவர், சாய்ந்தமருதில் பெண்ணெடுத்தவர். ஒரு ஊர் முடிந்து மற்ற ஊர் தொடங்குகிற இடத்தில் ஒரு ஒழுங்கைதான், குறுகிய ஒரு சந்துதான், இருக்கிறது. இந்தப் பக்கத்து மதிலில் பட்ட பந்து அந்தப் பக்கத்து ஊரில் போய் விழும். அந்த ஒழுங்கையைக் கடந்து வந்து, சாய்ந்தமருதில் மின்சாரச் சாமான் திருத்துகிற கடை போட்டு, பிள்ளை பெற்று, தலை நரைத்து, இன்றைக்கும் எங்கள் பள்ளிவாசலில் அவர் பெயர் 'கல்முனையார்'. என் பெயரில் எங்கள் வளவின் பின்பக்கம் எழும்பிய வீடு யன்னல் மட்டத்தோடு நிற்கிறது. நான் இங்கே வந்துவிட்டேன். வீட்டை விட்டுப் போகக்கூடாதவள் போனவள் ஆகிவிட்டேன் என்பது உம்மாவின் குற்றச்சாட்டு. பெட்டியைத் தூக்குவது ஆண்களின் வேலையாம்.

கண்காட்சியை நடத்துகிற கழகம் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடும். போய் நின்றேன். எல்லாம் ஆண்கள், எல்லாம் என் வாப்பாவின் வயது. டெரெக் என்பவர்தான் கண்காட்சிப் பொறுப்பாளர். நரைத்த மீசை, சட்டைப் பையில் அளவுகோல். "யாரையாவது கூட்டிப்போக வந்தீர்களா?" என்று கேட்டார். சேர வந்தேன் என்றேன்.  எதைச் செய்யப் போகிறேன் என்று விசாரித்தார்.

"இலங்கையின் கிழக்குக் கரை" என்றேன்.

"எந்த வருடத்தில் நடப்பதாக?"

"அந்த வருடம் இன்னும் வரவில்லை."

எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று முடிவு செய்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, சத்தத்தைக் கூட்டிக் கேட்டார்: "எந்த. வருடம்?"

"விளங்கியது. அங்கே தண்டவாளமே இன்னும் வரவில்லை."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அசல் என்று ஒன்று இருக்க வேண்டும், மாதிரி அதைப் பார்த்துத்தான் செய்யப்பட வேண்டும் என்று வகுப்பெடுத்தார். நான் சுற்றிப் பார்த்தேன். சுவரோரம் அவர்கள் செய்துகொண்டிருந்த கிராமம் ஒன்று: கல் பாலம், மதுக்கடை, தேவாலய வாசலில் வெள்ளை உடுப்போடு மணப்பெண். அது எந்த ஊர் என்று கேட்டேன். அப்படி ஒரு ஊர் கிடையாது, நாங்களே உண்டாக்கியது என்று பெருமையாகச் சொன்னார் அருகில் நின்றவர். அப்படியென்றால் என்னுடையது மட்டும் ஏன் கூடாது? "ஏனென்றால்," என்றார் டெரெக், "இங்கே இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்." எனக்குத் தெரியாது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்! சந்தா கட்டி உறுப்பினராகிவிட்டேன். கழகச் சட்டப்படி உறுப்பினர் ஒருவருக்கு ஒரு மேசை தர வேண்டும். தீயணைப்புக் கதவுக்குப் பக்கத்தில், குளிர்காற்று அடிக்கிற மூலையில் தந்தார்கள்.

அந்த மேசைக்கு நான் ஒரு வருடத்து மாலைகளைக் கொடுத்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே வீதியும் தண்டவாளமும். வயல் தமிழ்க் கடையில் வாங்கிய கால் துடைக்கும் தும்புப் பாய். நறுக்கி, பச்சைச் சாயம் போட்டு, வரம்புகளுக்கு நடுவே ஒட்டினேன். தகர வேலி சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாள். மனிதர்களுக்குத்தான் தட்டுப்பாடு. கடைகளில் சின்னச் சின்ன மனிதர்கள் பாக்கெட்டில் விற்கிறார்கள்: பொலிஸ்காரர், பால்காரர், ராணுவ வீரர், நாயோடு கிழவி. தலை மூடிய பெண் ஒருத்தி இல்லை. கடைசியில் கன்னியாஸ்திரிகள் ஒரு பாக்கெட் வாங்கினேன். சிலுவையைச் சுரண்டி, அபாயா கறுப்பும், ஷால்களுக்கு ஊதா, குங்குமப்பூ நிறங்களும் தீட்டி, கையில் மரக்கறிப் பை கொடுத்து நடைமேடையில் நிறுத்தினேன். எங்கள் ஊர்ப் பெண்கள் சந்தைக்குப் போகிற அதே வேகம் அவர்களுக்கு வந்துவிட்டது. நீல நிறக் கோச்சியை முப்பரிமாண அச்சில் எடுத்தேன். மேசையின் ஒரு முனையில் திரை மறைவில் ஒரு தட்டு, அதுதான் மட்டக்களப்பு. கோச்சி அங்கிருந்து வரும், ஸ்டேஷனில் நிற்கும், மறுமுனைத் திரைக்குள் பொத்துவிலுக்குப் போகும். எல்லை ஒழுங்கையையும் வைத்தேன். அதற்குத் தெற்கே எங்கள் வீடு, பின்னால் யன்னல் மட்டத்தோடு நிற்கும் என் வீடு. மேசை நீளம் போதாததால் நடைமேடையைக் கட்டையாகச் செய்ய வேண்டியதாயிற்று. கோச்சி நின்றால் பெட்டிகள் நடைமேடையில் இருக்கும், எஞ்சின் மட்டும் ஒழுங்கையைத் தாண்டிப் போய் நிற்கும். "உன் வண்டி உன் ஸ்டேஷனுக்குள் அடங்கவில்லை" என்று டெரெக் ஒவ்வொரு செவ்வாயும் சொல்வார். பெயர்ப்பலகையை மூன்று மொழிகளிலும் எழுதி, காலுக்கு அந்தச் சிவப்புத் தலைக் குண்டூசியையே நட்டேன். பலகைக்கு இரண்டு கால் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். என்னிடம் இருப்பது ஒரு ஊசிதான் என்றேன்.

பலகையில் 'கல்முனை' என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை. வெளிநாட்டில் எங்கள் பக்கத்தார் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். மருதமுனைக்காரரும் கல்முனை, நிந்தவூர்க்காரரும் கல்முனை. வேறு பெயர் சொன்னால் இன்னும் ஐந்து நிமிடம் விளக்க வேண்டும். ஊசி குத்தியபோது சொன்ன அதே பெயரைப் பலகையிலும் எழுதி, படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். விடியும்போது யுத்தம் தொடங்கியிருந்தது.

கல்முனையிலிருந்து பிரிந்து சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சிச் சபை வேண்டும், வேண்டாம் என்று இரண்டு ஊர்களுக்கும் இடையில் கடையடைப்பு வரை போன பகை தெரிந்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது. சம்பந்தி வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் விட்டவர்கள் உண்டு. ஆனால் ஒட்டுப் பலகையில் பசை காயாத ஒரு ஸ்டேஷனுக்காக இவ்வளவு பேர் நித்திரை முழிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. உம்மாவின் மூத்த சகோதரர், என் மாமா, முதல் குரல் செய்தி: "மகள் ஷிப்னா, நீ பொறந்த எந்த ஊருல? ஓதின எந்த ஊருல? உண்ட ஊட்டுக்கு அத்திவாரம் போட்ட எந்த மண்ணுல? கடல் தாண்டினவுடன எங்கட ஊரு ஒனக்குப் பேர் இல்லாத ஊராப் போயிட்டா?" பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறையான பர்ஸான் காக்கா லண்டனிலிருந்து: "சரியாத்தான் போட்டிரிக்கா. கோச்சி வந்தா கல்முனைக்குத்தான் வரும். சந்துக்கெல்லாம் கோச்சி வராது." அதற்கு மாமாவின் மகன் ரிஸ்லி மச்சான்: "சந்துல பொண்ணெடுத்துச் சோறு திங்கக்குள்ள மட்டும் ருசியா இரிந்திச்சா?" ரிஸ்லி இங்கே ஒரு கிடங்கில் வேலை செய்கிறான், ஒரு காலத்தில் என்னுடைய அந்த அரைவாசி வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் பேசப்பட்டவன். நல்லவேளை, இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் படம் குழுவை விட்டு முகநூலுக்குப் போய்விட்டது. முன்பின் தெரியாதவர்கள் என்னை விலைபோனவள் என்றும் ஊரைக் காத்தவள் என்றும் ஏசியும் வாழ்த்தியும் எழுதினார்கள். ஒருவர் தண்டவாளத்துக்குக் காணி சுவீகரிக்கப் போகிறார்கள் என்று நம்பி, தன் வளவைத் தர மாட்டேன் என்று அறிக்கையே விட்டிருந்தார். இதற்கு நடுவில் ஒரு பெண் மட்டும், நடைமேடையில் நிற்கிற பெண்களுக்கு ஷால் நிறம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

வாப்பா குரல் செய்தி அனுப்புகிறவர் அல்ல. அன்று அனுப்பினார். "மகள், போர்ட் வடிவா இரிக்கி. கழட்டாத." அவ்வளவுதான். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. படிக்க அனுப்பும்போதுகூட எதையும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், அவர் தந்தார். அதன் பிறகு உம்மா போன் எடுத்தா. "உண்ட வாப்பா கடையில வாற சனத்துக்கெல்லாம் போனக் காட்டிக்கிட்டு நிக்கிறார். ஃபேன் திருத்த வந்தவனும் பாக்கிற, மிக்ஸி கொண்டந்தவனும் பாக்கிற. எனக்கி மட்டும் காட்டல்ல. நான் ஒன்னப் பெத்த ஊரு எங்க மகள்? அந்தத் தும்புப் பாயில ஒரு மூலையிலயாச்சும் இரிக்கா?" ஒழுங்கைக்குத் தெற்கே நம்முடைய வீடே இருக்கிறது என்று சொன்னேன். "ஊடு இரிக்கி, பேரு இல்லையே" என்று வைத்துவிட்டா.

கண்காட்சி நாள் வந்தது. காலையில் கதவு திறந்ததும் கூட்டம். முதுகுப் பைகளோடு கிழவர்கள் இடித்துக்கொண்டு ஓடினார்கள், எங்கள் கந்தூரி விருந்தில் சோற்றுத் தட்டான சஹனுக்கு ஓடுவது போல. என் மேசைக்கு வந்தவர்கள் கேட்டது இரண்டே கேள்வி. யானை எங்கே? இது இந்தியாவா? யானை இல்லை என்றதும் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஒரு மனிதர் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு பாதையே இல்லை" என்று என்னிடம் சொன்னார், நான் அதை ஒளித்து வைத்திருந்தது போல. இருந்தாலும் கோச்சி ஓடியது. திரைக்குள்ளிருந்து வந்து, தும்பு வயலைக் கடந்து, கன்னியாஸ்திரிகளுக்கு முன்னால் நின்றது. 

பதினொரு மணி போல் பர்ஸான் காக்கா வந்தார், பிள்ளைகளோடு. ஸலாம் சொல்லும்போதே போனைத் தூக்கிப் பிடித்தார், திரையில் வாப்பா. கடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, ஜும்ஆவுக்குப் போவது போல. "காட்டு மகன், கிட்டக் கொண்டு போ, போர்டக் காட்டு" என்றார். காக்கா பலகைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.  வாப்பா வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ரிஸ்லி வந்தான். கையில் ஒரு அச்சடித்த ஒட்டுத்தாள். பலகையின் அளவுக்கே வெட்டியிருந்தான், எழுத்துகூட என் எழுத்தைப் போலவே. சாய்ந்தமருது, மூன்று மொழிகளிலும். அவ்வளவு பக்குவமாகச் செய்திருந்தான், கழகத்தில் சேர்த்திருக்கலாம்.

"கொஞ்சம் தள்ளு ஷிப்னா. ஒண்டும் ஒடையாது. ஒட்டிட்டுப் போறன்."

"கைய எடுடா" என்றார் காக்கா. "அது எங்கட சாச்சாட ஊரு." காக்காவுக்குச் சாச்சா, அதாவது சித்தப்பா, என் வாப்பா; ரிஸ்லிக்கு மாமி என் உம்மா.

"அப்பிடியா? அப்ப ஏன் உங்கட சாச்சா எங்கட மாமிட ஊட்டுல கிடக்கிறார் இம்புட்டுக் காலமா? சொந்த ஊருல ஒரு கதிர போட எடம் இல்லாமத்தானே!"

போன் தூக்கியபடியேதான் இருந்தது. ரிஸ்லி அதைக் காணவில்லை. நான் கண்டேன். திரையில் வாப்பா தான் உட்கார்ந்திருந்த கதிரையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "போன வை மகன்" என்றார் காக்காவிடம். படம் அணைந்தது.

காக்கா ரிஸ்லியின் சட்டையைப் பிடித்தார். ஒட்டுத்தாள் பலகையில் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கியது. காக்காவின் சின்ன மகள் அழத் தொடங்கினாள். தும்பு வயலில் யாருடைய முழங்கையோ பட்டு ஒரு வரம்பு பெயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர் தன் மணப்பெண்ணையும் தேவாலயத்தையும் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டார். டெரெக் வந்தார். இரண்டு பேரும் என் ஸ்டேஷனை வாங்கப் போட்டி போடுகிறார்கள் என்று நினைத்தார் போல. "இங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை, ஜென்டில்மென்" என்றார். இவர்கள் வாங்க வரவில்லை, பெயருக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று நான் விளக்கினேன். "எந்தப் பெயர் சரி?" என்று கேட்டார். இரண்டும் என்றேன். "ஆனால் அந்த ஸ்டேஷனே இல்லை என்றுதானே சொன்னாய்?" ஓம், இல்லை என்றேன்.  அவர் மிக மரியாதையாக, ஒன்று பலகையைக் கழற்று, அல்லது மேசையைக் கழற்று என்றார். குடும்பங்கள் வருகிற இடமாம் இது. நாங்களும் குடும்பம்தான்.

நான் பலகையைக் கழற்றினேன். ஒட்டுத்தாளோடு சேர்த்து அது உரிந்து வந்தது. குண்டூசி மட்டும் சிவப்புத் தலையோடு நடைமேடையில் நின்றது. காக்கா, "உண்ட வாப்பா ஒன்னட்ட ஒண்டுதான் கேட்டார்" என்று என் முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார். ரிஸ்லிக்கும் வெற்றி இல்லை. "பயந்தவள்" என்றான். அப்போதுதான் நான் போனைப் பற்றிச் சொன்னேன். வாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று. அவனுடைய முகம் மாறிவிட்டது. மாமி காதில் விழுமா என்று கேட்டான். விழும் என்றேன். தலையைத் தூக்காமல் வெளியே போனான். அவன் போய்க் கொஞ்ச நேரத்துக்கு என் கோபம் முழுவதும் போக இடமில்லாமல் மேசையைச் சுற்றி வந்தது.

தேநீர் இடைவேளையில் வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். மூன்றாவது தடவைதான் தூக்கினார். பின்னால் ஒரு ஃபேன் கடகடவென்று சுற்றும் சத்தம்.

"கழட்டிட்டியாமே."

"ஓம் வாப்பா. இல்லாட்டி மேசையையே எடுத்திருப்பாங்க."

"எடுக்கட்டுமே."

 பிறகு அவரே கேட்டார்: "அவன் சொன்னதுக்கு நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல."

"ம். பேர் இல்லாத ஸ்டேஷன்ல ஆரு எறங்குவான், மகள்? நான் எறங்கமாட்டன்." வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் உம்மாவிடமிருந்து செய்தி: 'கழட்டினது நல்ல வேல.' அதற்குக் கீழே இன்னொன்று: 'வாப்பா சாப்பிடல்ல. ரிஸ்லி என்ன சொன்னான்?'

கூட்டம் குறைந்த பிறகு மேசைக்கு முன்னால் நின்றேன். இத்தனை மாதங்களில் நான் எப்போதும் பின்னால், கட்டுப்பாட்டுக் கருவியோடு நின்றிருக்கிறேனே தவிர, பார்வையாளர் நிற்கிற இடத்தில் நின்றதே இல்லை. கோச்சி சண்டைக்கு முன்னால் எங்கே நின்றதோ அங்கேயே நின்றுகொண்டிருந்தது. பெட்டிகள் நடைமேடையில், குண்டூசிக்கு முன்னால். எஞ்சின் வழக்கம்போல ஒழுங்கையைத் தாண்டி, எங்கள் வீட்டுக்கு முன்னால். வண்டி ஸ்டேஷனுக்குள் அடங்கவில்லை என்று டெரெக் ஒரு வருடமாகச் சொன்னது அதைத்தான். இந்தக் கோச்சி கல்முனையில் நிற்கிறது. இந்தக் கோச்சி சாய்ந்தமருதிலும் நிற்கிறது. நகராமல், ஒரே நேரத்தில். நான் அதைக் குறை என்று நினைத்து, அடுத்த தடவை பெட்டி ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். வாப்பா எத்தனை வருடம் கல்முனையில் இறங்கி எங்கள் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். என் மேசையில் அந்த நடை முழுவதும் ஒரு கோச்சியின் நீளம் கூட வராது. இன்னும் சில பெட்டிகள் கோத்துவிட்டால், முன்னால் ஏறியவர் ஒரு ஊரில் இறங்கலாம், பின்னால் ஏறியவர் மற்ற ஊரில் இறங்கலாம். யாரும் வெயிலில் நடக்க வேண்டியதில்லை.

இது சமாதானம் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு ஊரைத் தெரியும். எஞ்சின் சாய்ந்தமருதுப் பக்கம் நிற்பது ஏன், எங்கள் பக்கம் வெறும் பெட்டிகளா என்று கல்முனைக்காரர் தொடங்குவார்கள். திரும்பி வடக்கே போகும்போது எஞ்சின் மறுபக்கம் மாறும். அப்போது மற்றவர்கள் தொடங்குவார்கள். பொத்துவில்காரர் தங்களை ஏன் திரைக்குப் பின்னால் வைத்தாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும். வாப்பாவிடம் நான் இன்னும் இதைச் சொல்லவில்லை. இறங்கமாட்டேன் என்ற மனிதரிடம் வாயால் சொல்லி வேலையில்லை. அவருக்கு இறங்குகிற இடத்தைக் காட்ட வேண்டும்.

சாமான் கட்டும்போது டெரெக் வந்து, அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேனா என்று கேட்டார். இல்லை என்று சொல்வேன் என்ற நம்பிக்கை குரலில் தெரிந்தது. இரண்டு மேசை வேண்டும் என்றேன். எதற்கு? இரண்டு ஸ்டேஷன், இரண்டு நடைமேடை, இரண்டு பலகை. இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஒரு ஒழுங்கை என்றேன். உலகத்தில் எந்தப் புகையிரதப் பகுதியும் அப்படிக் கட்டாது, அதற்கு அசல் கிடையாது என்றார். கிடையாதுதான் என்றேன். ஒரு உறுப்பினருக்கு ஒரு மேசை என்பதுதான் சட்டம் என்றார், அந்தச் சட்டத்தை நினைத்து மகிழ்ந்தபடி. அப்படியானால் இன்னொரு உறுப்பினரைக் கொண்டுவருகிறேன் என்றேன். அவ்வளவு பக்குவமாக எழுத்து வெட்டத் தெரிந்த ஒருத்தன் என் கைவசம் இருக்கிறான். எங்களுக்குக் கடனும் பட்டிருக்கிறான். முதலில் அவன் வாப்பாவிடம் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகுதான் சந்தா.

வெளியேறும்போது வாசலில் அந்த உலகப்படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஊசிப் பெட்டி மேசையில் திறந்து கிடந்தது. காவலுக்கு நின்ற அதே மனிதர், "எதையாவது விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லி, சிவப்புத் தலைக் குண்டூசிகள் மூன்றை எண்ணி எடுத்தேன். பலகைக்கு இரண்டு கால் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே என்னிடம் ஒன்று இருக்கிறது. இப்போது இரண்டு பலகைக்கும் சரி. புதன்கிழமை பலகை அறுக்கக் கொடுக்க வேண்டும். கோச்சிக்கு இன்னும் பெட்டிகள் கோக்க வேண்டும், அது எந்த ஸ்டேஷனுக்குள்ளும் அடங்காத அளவுக்கு.